பிரசவ அறையிலிருந்து ஓடினேன்

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை பிறப்பதற்கு முன்பே மயிலாப்பூரில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்த செய்தி வந்ததும், வண்டி கிடைத்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். என் பெற்றோரும் இரண்டு தங்கைகளும் வேலூரில் அத்தை வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் பெண் எதற்கும் அஞ்சமாட்டாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். நானும் வருகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டேன்.

உண்மையில் என்னைவிடப் பயந்தவள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கமாட்டாள். வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியபோதே, பசைக் கையோடு வானத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். கொல்லையில் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தால் பதுங்குவதற்காக ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பிரசவ அறையிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு எத்தனை அடி என்று யாரும் பார்க்காதபோது நடந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு அடி.

சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் டாக்டரம்மா சாப்பிடுவதற்காக ஆழ்வார்பேட்டையிலிருந்த தன் வீட்டுக்குப் போயிருந்தார். பெட்ரோல் கிடைக்காததால் ஜட்கா குதிரைவண்டியில்தான் போய்வருவார். திரும்ப நேரமாகும். பிரசவ அறையில் நானும் வயதான ஆயா ஒருத்தியும்தான். படுத்திருந்தவள் கச்சேரி ரோட்டுப் பக்கத்துத் தையல்காரர் ஒருவரின் மனைவி. முஸ்லிம் குடும்பம். ஊரைவிட்டுப் போகவில்லையா என்று காலையில் கேட்டதற்கு, எங்கள் ஆட்கள் எல்லாரும் இங்கேதான், எங்கே போவது என்று சொல்லியிருந்தாள். முதல் பிரசவம். குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் என் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சைரன் ஒலித்தது. ஒத்திகை என்றால் முன்கூட்டியே சொல்வார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. அது ஏறி ஏறி இறங்கிய சத்தம் என் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தெருவில் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. யாரோ ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசி இரண்டு விரல்கள் விடவில்லை. கையை உதறிவிட்டு ஓடினேன்.

பள்ளத்தின் அடியில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தேன். விமானம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டும், எதுவும் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டும் மாறி மாறி இருந்தேன். மண் ஈரமாக இருந்தது. மேலே ஒரு காக்கை மட்டும் கத்தியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. விமானம் வரவில்லை. ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதியபோது, உள்ளே குழந்தை அழும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

உள்ளே போனேன். ஆயா குழந்தையைத் துணியில் ஏந்திக்கொண்டு நின்றாள். தொப்புள்கொடி இன்னும் அறுபடவில்லை.

"அறுக்கத் தெரியும். ஆனா என் வேலை இல்ல அது," என்றாள். "உனக்குத்தான் வெச்சிக்கீறேன். கைய கழுவிக்கினு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். கத்தரி இரண்டு முறை வழுக்கியது. தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அரைமணி கழித்து டாக்டரம்மா வந்தார். தாயும் பிள்ளையும் நலமாக இருந்ததைப் பார்த்து என் தோளைத் தட்டினார். சைரன் நேரத்தில் தனியாகச் சமாளித்திருக்கிறாய், உன்னை நம்பி இந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் போகலாம் என்றார். ஆயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த நேரம் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். வாயில் வந்த ஒரு நேரத்தைச் சொன்னேன். அதை அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய பயம் தொடங்கியது. குண்டு வந்தால் ஒரு தடவை வரும். இது தினமும் வந்தது. அந்தப் பெண் பத்து நாள் வார்டில் இருந்தாள். அவள் படுக்கைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். எந்த நிமிஷம் வாயைத் திறப்பாளோ என்று இருக்கும். டாக்டரம்மாவோ என்னை நம்பி முன்பைவிட அதிகமாக வெளியே போக ஆரம்பித்தார். வலி வந்து ஒருத்தி உள்ளே நுழைந்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஒரு கண்ணாடி ஊசியைக் கீழே போட்டு உடைத்தேன். தட்டோடு கத்தரிகளைக் கொட்டினேன். இனி இந்த வேலை எனக்கு ஆகாது என்று தீர்மானித்து, வேலூருக்கு வருவதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதி வைத்தேன். தபாலில் போடவில்லை.

அந்தப் பெண் வீட்டுக்குப் போன மறுவாரம், குழந்தையின் தொப்புள் ஆறிவிட்டதா என்று பார்த்துவரும்படி டாக்டரம்மா என்னையே அனுப்பினார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். வெயில் தாழ்ந்து போ என்றார். கச்சேரி ரோட்டில் மூன்று தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். சந்துக்குள் அவர்கள் வீடு. முன்னறையில் அவள் புருஷன் காக்கித் துணி தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு, உள்ளே போங்கம்மா என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

குழந்தையைப் பார்த்தேன். தொப்புள் நன்றாக உலர்ந்திருந்தது. பையை மூடிக்கொண்டு எழுந்தபோது அவள் பேசினாள்.

"பத்து நாளும் என் பக்கமே வர்லியே நர்சம்மா. நான் இன்னா கடிச்சிடுவேனா?"

மறுபடி உட்கார்ந்தேன். டாக்டரம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது? வவுத்துல புள்ள மட்டும் இல்லேன்னா உனக்கு முன்னாடி நான் ஓடியிருப்பேன்," என்றாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீ கைய உதறினப்போ எனக்குச் சைரன் நெனப்பே இல்ல. புள்ள செத்துப்போச்சி, அதப் பாத்துட்டுத்தான் இவ ஓடுறான்னு நெனச்சேன். அது அழுவுற வரிக்கும் அப்படித்தான் கெடந்தேன். எனக்கு பயமாக்கீது, நான் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக்கூடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. பள்ளத்தில் என் உயிருக்காக மட்டும் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், முப்பத்தோரு அடி தள்ளி இவள் தன் பிள்ளை செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், மனம் மாறுவதற்குள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். அப்படியானால் குழந்தை பிறந்த நேரம் என்று நீ சொன்னது என்ன என்றார். நேரம் தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன் என்றேன். பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்து, அதை அடித்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாளிலிருந்து என்னைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. துணி வேகவைப்பது, கருவிகளைக் கொதிக்கவைப்பது, கஞ்சி கொடுப்பது என்று இரண்டு மாதம் போயிற்று. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி என் காதுபடவே காரணம் விசாரித்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வேலூர்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒத்திகைச் சைரன் ஊதும் நாட்களில் வார்டில் இருந்த குழந்தைகளைப் பள்ளத்துக்குத் தூக்கிச் செல்லும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவை படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த தடவை பள்ளம்வரை போனேன். அதற்கடுத்த தடவை திரும்பி வந்து இரண்டாவது குழந்தையையும் எடுத்துப் போனேன். நடுக்கம் குறையவில்லை. நடுங்கிக்கொண்டே கால் நடக்கும் என்பது மட்டும் தெரிந்தது. ஆடி மாதம் மறுபடி பிரசவ அறைக்குப் போகலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, ஆயாவையும் கூட வைத்துக்கொள் என்றார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மறுபடியும் சொல்லாமல் சைரன் வந்தது. படுத்திருந்தவள் மாடவீதியிலிருந்து வந்த பெண். சத்தம் ஏறும்போதே என் பார்வை கதவுக்குப் போய்விட்டது. ஆயா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே சொன்னேன்:

"எனக்கு இந்தச் சத்தம்னா ரொம்ப பயம். கை நடுங்கும். அது சைரனுக்காகத்தான். குழந்தை நல்லா இருக்கு. நான் எங்கயும் போகலை."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நேக்கும் பயமாத்தான் இருக்கு. ஆத்துல எல்லாரும் பள்ளத்துல ஒக்காந்துண்டு இருப்பா," என்றாள்.

விளக்கை அணைத்துவிட்டு, காகிதம் சுற்றிய டார்ச்சை ஆயா பிடித்துக்கொண்டாள். சைரன் நின்ற பிறகு வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொரு வினாடியும் தலைக்கு மேல் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. நகர்த்தி எடுத்தேன். சற்றுத் தாமதித்து அழுதது.

அன்றும் விமானம் வரவில்லை; ஆபத்து நீங்கிய சங்கு ஊதி எல்லாம் முடிந்ததும் கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அந்த வேலையில் இருந்தேன். பயம் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை. அன்று முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, மூன்றாம் படுக்கையில் இருந்தவள் பசிக்கிறது என்றாள். கஞ்சியைச் சூடுபண்ணப் போனேன்.