மெஷின் தின்ற பெயர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நிறுத்தினால் நிற்காது. நிறுத்தச் சொல்லி அமுக்கினால் திரை மட்டும் மரியாதையாக இருண்டுவிடும். கீழே இருக்கிற பெட்டியோ உள்ளே விசிறி சுற்ற, முன்னால் நீல விளக்கு எரிய, உறுமிக்கொண்டே இருக்கும். அரைமணி நேரம் காத்திருந்தாலும் அப்படியேதான். என் வீட்டுக்காரருக்குப் பொறுமை என்பது கிடையாது. சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெட்டியால்தான் அவரும் அவர் தம்பியும் ஒரு வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தார்கள். பெட்டியால்தான் என்று சொன்னவர் என் வீட்டுக்காரர். தம்பி அதை நம்பவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பெண்ணுடைய கல்யாணப் பத்திரிகையை அவரே அடிப்பதென்று உட்கார்ந்தார். அச்சகத்தில் விட்டால் எழுத்துப்பிழை வரும், சம்பந்தி வீட்டில் யார் பெயராவது விட்டுப்போகும், கல்யாணமே கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கால் கழுவி, தினமும் சாயங்காலம் இரண்டே விரலால் தட்டிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா எத்தனை பேர், யாருக்கு இனிஷியல் ஒன்று, யாருக்கு இரண்டு, யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வந்தால் யாருக்குக் கோபம் வரும் என்றெல்லாம் தனியாக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தார். என்னை ஒரு வரி வாசிக்கச் சொல்லி, வாசித்தால், ‘இன்னா அவசரம், மெதுவா படி’ என்பார்.

வில்லியனூரில் அச்சாகிக் கட்டாக வந்தது. பஸ்ஸில் போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர் என் கொழுந்தனார். நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுவதற்கு ஒன்றை எடுத்தவர், சும்மா கண்ணை ஓட்டினார். பிறகு உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். ‘அன்புடன் அழைக்கும்’ என்பதற்குக் கீழே தாய்மாமன்கள் இருந்தார்கள், அத்தைகள் இருந்தார்கள், மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மருமகன்கூட இருந்தார். பெண்ணின் சித்தப்பாவைக் காணோம். பத்திரிகையைக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்கு, அதாவது தன் வீட்டுக்கு, போய்விட்டார்.

கல்யாணத்தில் ஒரு குறை வைக்கவில்லை. பந்தல்காரனைப் பார்த்தது அவர், பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றது அவர், பெண்ணை அனுப்பும்போது எங்களைவிட அதிகமாக அழுதது அவர். மறுநாள் மண்டபத்துப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்ததோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“மொத நாளு, மொத பேரா அவன் பேரத்தான் அடிச்சேன்,” என்று என் வீட்டுக்காரர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். “இந்த சனியன் நிக்கல. பிளக்க புடுங்குனேன். அதுல தின்னுடுச்சு.”

இதைக் கொழுந்தனாரிடம் கொண்டுபோய்ச் சொன்னவள் நான். அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவர். அவரிடம் போய் மெஷின் கதை சொன்னால் எடுபடுமா?

“ஏன் அண்ணி, அம்மாம்பேரு இருக்காங்க. என் பேரு மட்டும் அதுக்கு ருசியா இருந்துச்சாமா?” என்றார்.

என் வீட்டுக்காரர் அதன்பிறகு ஒரு காரியம் செய்தார். கோளாறைச் சரிபண்ணக் கூடாது என்று முடிவெடுத்தார். கடையில் கொடுக்கலாம் என்றால், “அவன் வந்து கண்ணால பாக்கட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்,” என்பார். கோர்ட்டில் சாட்சியைப் பாதுகாக்கிற மாதிரி அந்த உறுமலைப் பாதுகாத்தார். நாங்கள் இருப்பது சேலியமேட்டில், ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளில். பார்க்க வேண்டியவர் பத்தடி தூரத்தில் இருந்தார், வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் ஒயர். ‘நாளைக்கு மோட்டார் நம்ம முறைன்னு சொல்லு’, ‘தேங்கா பறிக்க ஆள் வருதான்னு கேளு’ என்று ஒரு வருஷம் என் வாய் வழியாகத்தான் இரண்டு குடும்பமும் ஓடியது.

போன ஐப்பசியில் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பார்த்தோம். போனில் அவளிடம் சொன்னபோது, “சித்தப்பாவும் அப்பாவும் பேசிக்காம மூலைக்கு ஒருத்தரா நிக்கறதா இருந்தா எனக்கு வளையலே வேணாம்மா,” என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி சொன்னால் சொன்னதுதான். எனக்குத் தூக்கமே போயிற்று.

அடுத்த நாள் துணி உலர்த்துகிற சாக்கில் சுவரோரம் நின்றுகொண்டு கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். “தம்பி, வளைகாப்புக்குப் பத்திரிகை அடிக்கணும். அது இன்னும் நிக்கமாட்டேங்குது. இந்தவாட்டி யாரத் தின்னப்போவுதோ தெரியல,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “பின்னாடி சொருகி இருக்கறது எல்லாத்தயும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க,” என்றார். நான் உள்ளே வந்து சொன்னேன். இவர் பிரிண்டரைப் பிடுங்கினார், கேமராவைப் பிடுங்கினார், நிறுத்தினார். பெட்டி உறுமியது.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வைத்தியம் வந்தது. கரண்ட் செட்டிங்கில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றில் டிக் இருக்கும், அதை எடுக்க வேண்டுமாம். அந்தப் பெயர் என் வாயில் நிற்கவில்லை. “ஏங்க, வேகமா எழுந்திரிக்கறத எடுத்துடணுமாம்,” என்றேன்.

“வேகமா எழுந்திரிக்கறது நல்லதுதான? அத இன்னாத்துக்கு எடுக்கணும்? அவன்கிட்டயே கேளு.”

போய்க் கேட்டேன். “காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு அது முழுசா தூங்காம அரத்தூக்கம் தூங்குது அண்ணி. நல்லா தூங்கச் சொல்றோம், அவ்ளோதான்,” என்றார். அதையும் வந்து சொன்னேன். இவர் தேடித் தேடி டிக்கை எடுத்தார். மூன்று பேருமாக, இருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். உறுமல் நிற்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்து இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, “இனிமே என்னால நடக்க முடியாது. ரெண்டு பேருக்கும் ஆண்டவன் வாயக் குடுத்திருக்கான். வேணும்னா பேசிக்குங்க, வேணாம்னா வளைகாப்ப நிறுத்திடுங்க,” என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தனார் ஒரு ஸ்குரூ டிரைவரோடும் பழைய பனியன் துணியோடும் வந்தார். செருப்பை விட்டார், யாரையும் பார்க்காமல் பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தே, “பிரிண்டரு எடுத்தாச்சு, கேமராவும் எடுத்தாச்சுன்னு சொல்லு,” என்றார். நான் சொல்லவில்லை. தம்பி காதில் விழுந்திருக்கும்.

பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்து ஒட்டடையைத் துடைத்தார். மூலையில் நகம் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்த ஒயர் இல்லாத மவுசுக்கு உண்டானது. அந்த மவுஸ் காணாமல் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. இது மட்டும் சொருகின இடத்திலேயே இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மெஷினைப் போட்டு, நிறுத்தினார். திரை இருண்டது. விசிறி மெல்ல அடங்கியது. நீல விளக்கு அணைந்தது. வெளியே தெருவில் யாரோ பால்காரரிடம் பேசுவது கேட்டது.

“இருடா, டீ வாங்கினு வரேன்,” என்றார் என் வீட்டுக்காரர். தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. சொன்ன வேகத்தில் சட்டைகூட மாட்டாமல் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் கொழுந்தனார் மெஷினைத் திரும்பப் போட்டார். “அது நெஜமாவே தின்னுச்சான்னு பாத்துடறேன் அண்ணி,” என்றார்.

பத்திரிகையை அடித்த காலத்தில், மெஷினுக்குப் பயந்து, என் வீட்டுக்காரர் தினம் ஒரு காப்பி என்று நம்பர் போட்டுத் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமே. மொத்தம் ஆறு காப்பி. கொழுந்தனார் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். ஆறில் அவர் பெயர் இல்லை. ஐந்தில் இல்லை. நாலில் இல்லை. ஒரு காப்பியில் இல்லையென்றால் மெஷின் தின்றது என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் இல்லையென்றால்? ‘முடிந்தது, இனி வளைகாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை’ என்று நினைத்தேன்.

மூன்றைத் திறந்தவர் அதிலேயே நின்றுவிட்டார். இரண்டைத் திறந்தார். ஒன்றைத் திறந்தார். மறுபடி மூன்றுக்கு வந்தார்.

“அண்ணி, இங்க பாருங்க. மூணு காப்பி வரைக்கும் அண்ணன் அவரு பேரயே போடல.”

பார்த்தேன். ‘எங்கள் மூத்த மகள்’ என்று இருக்கிறது, யாருடைய மகள் என்று எங்குமே இல்லை. சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாரும் இனிஷியலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பன் பெயர் இல்லை, தம்பி பெயரும் இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நாலாம் நாள் வாசிக்கச் சொன்னபோது, ‘உங்க பேரு எங்க?’ என்று கேட்டது நான்தான். அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சேர்த்தார்.

“தம்பி,” என்றேன். “அவரு பேரு இல்லன்னு பாத்துச் சொன்னது நானு. உங்க பேரு இல்லாதது எனக்கும் தெரியல. என்ன மன்னிச்சிடுங்க.”

“வேணும்னே எடுத்துட்டாருன்னு நெனச்சினு இருந்தேன் அண்ணி,” என்றார். “வூட்டாளுங்கள யாரு எண்ணினு இருப்பாங்க.” பெட்டியைத் துடைத்த அதே பனியன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னமெல்லாம் தூசி. நான் முந்தானையைக் கொடுத்தேன்.

தூக்குச் சட்டியும் போண்டாப் பொட்டலமுமாக இவர் வந்து நின்றார். திரையில் பத்திரிகை திறந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. “இன்னாடா, பாத்தியா?”

கொழுந்தனார் அதை மூடினார். “பாத்தேண்ணே. மெஷின்தான் தின்னிருக்கு.”

“நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். “கூடப் பொறந்தவன் சொன்னா நம்பணும்டா. ஒரு வருஷம்டா. ஒரு வருஷம் உன் மூஞ்சியப் பாக்காம…” அதற்குமேல் முடியாமல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு போண்டாவைத் தம்பி கையில் திணித்தார். திணித்துவிட்டுத் திரும்பவும் திட்டினார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் பொய் சொல்லவே இல்லை. தம்பி பெயரை முதலில் அடித்ததாகத்தான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். கொழுந்தனார் போண்டாவைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, “தப்புதாண்ணே, என் தப்புதாண்ணே,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயை ஊற்றினேன், வாயைத் திறக்கவில்லை.