சிவப்பு அட்டை கட்டிய கார்

என் தங்கை நிர்மலா ஆசைப்பட்டு வாங்கிய காரை எட்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்தாள். யாரும் அவளை ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அவளே ஒரு சிவப்பு அட்டையை எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டாள்.

அந்த அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்மலா ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்து இருபது வயதில் பயிற்சிக்குப் போனவள், இன்று அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. ஒரு பெட்டிப் பாகத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அங்கே சிவப்பு அட்டை கட்டுவார்கள். கட்டிய பிறகு முதலாளியே வந்தாலும் அந்தப் பெட்டி நகராது. அட்டையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: என்ன குறை, என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள். இன்னொரு விதியும் உண்டு. கட்டியவரே அதை அவிழ்க்கக் கூடாது. வேறொருவர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அவிழ்க்க வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஊத்தங்கரைக்கு வடக்கே எங்கள் நிலத்தில் கடலையும் மாமரமும் வைத்திருக்கிறேன். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது.

கார் வந்த கதை இது. நம் நாட்டிலேயே ஒரு சிறிய கம்பெனி கொஞ்ச காலம் மட்டும் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணியால் ஆனது, மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். உடம்பு ஃபைபர், அதைத் தாங்கும் எலும்புக்கூடு உருண்டைக் குழாய் இரும்பு. கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. பயிற்சிக்குப் போன காலத்தில் பாகலூர் ரோட்டில் இப்படி ஒரு கார் தன்னைக் கடந்து போனதாம். அன்றிலிருந்து மனதில் இருந்திருக்கிறது, என்னிடம் கூடச் சொன்னதில்லை. போன வருடம் தை மாதம் பெங்களூரில் மூர்த்தி என்ற புரோக்கர் மூலம் ஒன்று கிடைத்தது. சிவப்பு நிறம், இருபது வயதுக்கு மேல் ஆன வண்டி. எங்கும் அடிபடாதது என்று சொல்லித்தான் விற்றார்.

மூடிப்போன கம்பெனியின் காரை வைத்திருப்பது சுலபமில்லை. கடையில் போய்ப் பெயர் சொல்லி எதையும் கேட்க முடியாது. எஞ்சின் பாகத்துக்குப் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பழைய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினாள். கூரைத் துணியை ஆட்டோ சீட்டு தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தாள். விரிசல் விட்ட முன்பக்கத்தைத் தண்ணீர்த் தொட்டி ஒட்டும் ஃபைபர்காரர் ஒட்டிக் கொடுத்தார். எந்தத் தேதியில் எதை மாற்றினாள், எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. கார் லேசாக இடதுபக்கம் இழுக்கிறது, காரணம் தெரியவில்லை என்றும் அதில் எழுதியிருந்தாள்.

பங்குனியில் ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுத்துப் போனோம். கர்நாடக நம்பரை மாற்றி நம் நம்பர் வாங்க வேண்டும். வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் நிதானமானவர். எலும்புக்கூட்டுக் குழாயில் குத்தியிருக்கும் சேஸ் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கச் சொன்னார். தாள் கறுக்க, நடுவில் எண்கள் வெள்ளையாக எழும்பி வந்தன. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணேதான். ஆனால் அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்பர் சரிம்மா. எழுத்து சரியில்ல. கம்பெனியில மெஷின்ல குத்துனா ஒரே கோட்டுல நிக்கும். இது ஏறி எறங்குது பாருங்க, யாரோ கையால குத்தியிருக்காங்க. திருட்டு வண்டிக்கும் இப்படித்தான் குத்துவாங்க.”

யார் குத்தினார்கள், எதற்குக் குத்தினார்கள் என்று ஆதாரம் காட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் காவல் நிலையத்துக்கு எழுதுவதைத் தவிர வழியில்லை என்றார். எழுதினால் கார் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். துணிக் கூரையும் ஃபைபர் உடம்பும் ஒரு வருடம் தாங்காது. அதைவிட, திருட்டுக் கார் வைத்திருந்தவள் என்ற பேச்சை நிர்மலா தாங்க மாட்டாள். எழுத்து மூலமாக அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை அட்டை கட்டியதுதான். குறை என்ற கட்டத்தில் “பிறப்பு தெரியவில்லை” என்று எழுதினாள்.

புரோக்கர் மூர்த்திக்கு ஃபோன் செய்தாள். அவர் பதறவே இல்லை. “ஏனூ ஆகல்ல மேடம், ஒண்ணும் ஆகாது. நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். பழசைத் தேச்சு எடுத்துட்டு, ஸ்கேல் வச்ச மாதிரி நேராக் குத்திக் கொடுப்பான். கம்பெனியே தோத்துடும்.”

“நம்பர் நெசமா இருந்தா?” என்று கேட்டாள் நிர்மலா.

“இருந்தா என்ன மேடம்?”

“நெசமான நம்பரைத் தேச்சுட்டு அதையே திருப்பிக் குத்துனா அதுவும் பொய்யாயிடும்ங்க.” ஃபோனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். காரைச் செய்த கம்பெனியில் கேட்க ஆளில்லை. பெங்களூரில் அதை வைத்திருந்தவர், ஊத்தங்கரைப் பக்கத்துக் கல் குவாரிக்காரர் ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னார், அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. குவாரிக்காரர் இறந்துவிட்டார், குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. கார் முதலில் பதிவான காலத்துக் கோப்புகளை ஆபீசில் விதிப்படி கழித்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவாள், டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் கால் சுற்று நகர்த்துவாள், தூசி துடைப்பாள். கேட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள், “மேடம், உங்க கார் இன்னும் ரிஜெக்ட்லதான் இருக்குதா?” என்று கிண்டல் செய்வார்களாம். “ரிஜெக்ட் இல்ல, ஹோல்டு” என்று திருத்துவாளாம்.

ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தாள். என் டிராக்டர் டிரெய்லரின் காகிதங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதன் எல்லாக் காகிதத்தையும் தேதிவாரியாக ஒரு கவரில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவை அதன் நம்பரைத் தேய்த்து எடுத்த பென்சில் அச்சின் நகலும் அதில் உண்டு. அவற்றைப் பரப்பி வைத்திருந்தபோது, தன் கார் அச்சையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். எனக்கு எழுத்தை மெதுவாகத்தான் படிக்க வரும். அதனாலோ என்னவோ, எண்ணை எண்ணாகப் பார்க்காமல் படமாகப் பார்த்துப் பழகிவிட்டேன்.

“நிர்மலா, இந்த மூணு நம்ம டிரெய்லர் மூணு.”

“எல்லா மூணும் மூணுதானே ண்ணா.”

“இல்ல பாரு. தலை தட்டை. கீழ் வளைவுல ஒரு ஓரம் தெறிச்சிருக்குது. இருபது வருசமா பாத்துகினு இருக்கிறேன்.”

அவள் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு டிரெய்லரில் புதிதாக ஒரு அச்சு எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போனாள். மேலாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாளிலும் இருந்த மூன்று என்ற எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தாள். தெறித்திருந்த இடம் இரண்டிலும் ஒரே அளவு, ஒரே சாய்வு. இரண்டையும் குத்தியது ஒரே இரும்பு அச்சு.

டிரெய்லரைச் செய்து அதற்கு நம்பர் குத்திய பட்டறை திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு என் பைக்கில் போனோம். பட்டறைக்காரர் சென்னப்பன் இப்போது கேட்டும் ஷட்டரும் செய்கிறார். என்னைப் பார்த்ததும் டிரெய்லரை விசாரித்தார். கார் நம்பர் என்றதும் முகம் மாறிவிட்டது.

“கார் நம்பரா? நான் எந்தக் காருக்கும் குத்துனதில்லீங்க. டிரெய்லரோட சரி. ஆரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருக்காங்க.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. இந்தக் கேள்வியைப் போலீஸ்தான் கேட்கும். நிர்மலா தாள்களை நீட்டாமல், “தப்புன்னு சொல்ல வரலீங்க. நீங்க குத்துனதா இருந்தாத்தான் என் வண்டி நல்ல வண்டி” என்றாள்.

அந்தப் பக்கம் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜம்மாள் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னார்: “மேல மூடாத காருதான? கல்லுக்காரரு வுட்டுட்டுப் போனாரே, அது. நம்ம பொண்ணு அதுல ஏறிக் குந்திகினு எறங்கவே மாட்டேன்னுச்சு. மறந்துட்டியா?”

சென்னப்பன் மனைவியை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இவ இருக்கிற எடத்துல ஒரு பொய் சொல்ல வழியில்ல” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் அந்தக் கார் போய் மோதியிருக்கிறது. முன்பக்க இடது குழாய் வளைந்துவிட்டது. இரண்டடிக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்துப் பற்ற வைத்திருக்கிறார். கம்பெனி குத்திய நம்பர் வெட்டிய துண்டில் இருந்தது. அன்றைய பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, தன் கண் முன்னால் அதே நம்பரைப் புதுக் குழாயில் குத்தச் சொன்னாராம். காகிதம் எதுவும் சென்னப்பன் கையில் கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: நம்பர் இருக்கிற இரும்பை எடைக்குப் போடாதே.

“போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“போடலீங்க. இங்கதான் எங்கியோ வச்சேன்.”

பரணில் தேடினார், பின்பக்கம் தேடினார். நான் துருப்பிடித்த குவியலைக் கிளறினேன். நிர்மலா எதையும் கிளறவில்லை. பட்டறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல் ஒரு இரும்பு முக்காலியின் மேல் இருந்தது. இரண்டு கால் ஆங்கிள் இரும்பு, மூன்றாவது உருண்டைக் குழாய். அவள் பையில் எப்போதும் மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் இருக்கும். மண்டியிட்டு அந்தக் காலை அளந்தாள். காரை அளந்த நோட்டைப் புரட்டினாள். பிறகு சென்னப்பனைப் பார்த்தாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எடைக்குப் போடக் கூடாதுன்னாரு. சும்மா கெடக்கிறதுக்கு ஒரு வேலை செய்யட்டுமேன்னு காலா வச்சுட்டேன்.”

இருபது வருடக் கிரீஸும் பெயிண்டும் கட்டியாக ஏறியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உப்புத்தாளால் எண் அழியாதபடி மெல்லத் தேய்த்தாள். உள்பக்கம் திரும்பியிருந்த இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டாள். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழுந்தது, ஸ்கேல் வைத்ததுபோல ஒரே கோட்டில். நான் கார் அச்சைப் பக்கத்தில் பிடித்து ஓர் எண்ணுக்கு ஓர் எண் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

அவள் அழவில்லை. எழுந்து நின்று முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, “அதான் எடது பக்கம் இழுக்குது” என்றாள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றபோது, அடிபட்ட வண்டி என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வாங்கியிருப்பாயா என்று கேட்டேன். “நெறைய கேள்வி கேட்டிருப்பேன் ண்ணா. கேட்டுட்டு வாங்கியிருப்பேன்” என்றாள். அடிபட்டதை அவள் குறையாக நினைக்கவில்லை. அடிபடவே இல்லை என்று மூர்த்தி சொன்னதைத்தான் கடைசி வரை மன்னிக்கவில்லை.

சென்னப்பன் தன் முக்காலியின் காலைத் தானே அறுத்தார். அதைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஓசூருக்குக் கொண்டுவந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் குழாயையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலதிகாரிக்கு எழுதினார். உத்தரவு வர ஐப்பசி ஆகிவிட்டது. அதற்குள் நிர்மலா படம் வரைந்து, சரியான அளவில் ஒரு புதுக் கால் செய்து சென்னப்பனுக்கு அனுப்பினாள். அவர் எனக்கு ஃபோன் செய்து, “உன் தங்கச்சி குடுத்த கால வச்சதுல மத்த ரெண்டும் கோணலாத் தெரியுதுப்பா” என்றார்.

நம்பர் கிடைத்த மறுநாள் ஓசூருக்குக் கூப்பிட்டாள். கார் கழுவி நின்றது, அட்டை இன்னும் ஸ்டியரிங்கில் தொங்கியது. இரண்டாம் கட்டத்தில் நடந்ததெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. மூன்றாம் கட்டம் காலி. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

கம்பெனியில் அவளுக்குக் கீழே எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சை எடுத்துக் காரின் அடியில் படுத்தேன். நம்பரை இரண்டு முறை படித்தேன். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வைப்பர், ஹார்ன், நான்கு டயர். பிறகு அவளை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்றேன்.

“இடது பக்க லைட்டு எரியல.”

“ண்ணா, அது பல்பு. நாளைக்கு மாத்திக்கிறேன். நீ போடு.”

“மாத்து. போடுறேன்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கி அட்டையை நேராகத் தொங்கவிட்டாள். அன்றைக்கு ஞாயிறு, பக்கத்தில் கடை எதுவும் திறக்கவில்லை. நான் அங்கேயே தங்கிவிட்டேன். திங்கள் காலை பல்பு மாற்றினாள். மறுபடி மிதிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் எரிந்தது. மூன்றாம் கட்டத்தில் பெயரையும் தேதியையும் எழுதி, முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் கூரையை மடித்தாள், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், கார் கேட்டைத் தாண்டியது.