டச்சுக்கு இரண்டு குறியீடு, எஸ்பெராந்தோவுக்கு ஒன்று

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் நூலகத்தில், ஒவ்வொரு புத்தகத்தின் மொழியையும் மூன்று எழுத்துக் குறியீடாகக் கணினியில் பதியவேண்டும். தமிழுக்கு tam. இந்த நாட்டாரின் சொந்த மொழியான டச்சுக்கோ உலகப் பட்டியலில் இரண்டு: dut, nld. முதலாவது ஆங்கிலேயர் அதை அழைக்கும் பெயரிலிருந்து வந்தது, மற்றது இவர்களே சொல்லிக்கொள்ளும் பெயரிலிருந்து. இரண்டும் ஒன்றேதானாம். இதனால் இங்கே ஒருவருக்கும் நித்திரை கெடவில்லை. எனக்குத்தான் கெட்டது.

போன மாதம் ஒரு மூதாட்டி தன் எஸ்பெராந்தோப் புத்தகங்களை இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ ஒருவர் இருந்து யோசித்து உண்டாக்கிய மொழி. அதற்கு நாடில்லை, கடவுச்சீட்டில்லை, ஆனால் ஒரே குறியீடு, epo. பதியப்பதிய எனக்கு எரிச்சல் வந்தது. நாடே இல்லாதது இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. கப்பலேறி எங்கள் திருகோணமலை வரைக்கும் வந்து கோட்டை பிடித்தவர்களுக்கு இரட்டைப் பதிவா? என் ஆறுமாத ஒப்பந்தமும் முடியப்போகிறது. வேலை நிரந்தரமானால்தான் மனைவி சுகந்தியை இங்கே அழைக்க விண்ணப்பிக்கலாம். நல்ல பெயர் எடுப்போமென்று, ஒருவரையும் கேட்காமல், இரண்டு நாள் இருந்து நாவல்கள் எல்லாவற்றிலும் இருந்த dut-ஐ, இவர்கள் சொந்தப் பெயரின்படி nld ஆக்கிவிட்டேன்.

இந்தப் புத்தி எனக்குத் திருகோணமலைத் துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் வந்தது. போரில் தம்பலகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றுக்கு வந்த புதிதில் என் அடையாள அட்டையில் தம்பலகாமம் என்றும், துறைமுக வேலை அனுமதி அட்டையில் பாலையூற்று என்றும் இருந்தது. “ஒரு ஆள், ரெண்டு ஊர்?” என்று கேட்ட சிப்பாய் காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் நிற்கவைத்தான். அன்றைக்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை. ஒன்றுக்கு இரண்டு பதிவு கண்டால் கை தானாகவே திருத்தப் போய்விடும்.

நாங்கள் புத்தகங்களைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து ஊர் நூலகங்களின் பட்டியலுக்கு dut மட்டுமே தெரியும். நான் மாற்றிய நாவல்கள் எல்லாம் அங்கே தேடுபவர்களின் கண்ணில் படாமல் போய்விட்டன. மேலதிகாரி மார்லேன் என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் மாற்றினீர்கள்?”

“இரண்டாக இருந்தால் சந்தேகம் வரும்.”

“யாருக்கு?”

“சோதனை செய்பவர்களுக்கு.”

அவர் யோசித்துவிட்டு, “அப்படி ஒரு பிரிவு எங்களிடம் இல்லையே” என்றார். கேலியில்லை, உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, எந்தப் பட்டியல் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தால் போதும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார்.

மதிய இடைவேளையில் வெளியே வந்து சுகந்திக்கு அழைத்தேன்.

“என்னப்பா, நிரந்தரமாக்கிட்டினமோ?”

“இல்லை. நான் ஒரு பிழை விட்டிட்டன். இன்னும் ஆறு மாசம் பாக்கவேணுமாம்.”

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, “காலமை விதானையார் வந்தவர்” என்று எங்கள் கிராம அலுவலரைப் பற்றிச் சொன்னாள். “வாக்காளர் இடாப்புக்கு வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டார்.”

ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. இங்கே நகரசபையிலும் நான் பதிந்தவன். “என்ர பேரை வெட்டினவரோ?”

“ஏன் வெட்டவேணும்? ‘என்ர அவர் கடைக்குப் போயிட்டார், இப்ப வந்திடுவார்’ எண்டனான். உங்கட பேரையும் எழுதிக்கொண்டு போயிட்டார்.”

நூலகப் படியில் குளிர்கோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அதைத் திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.