‘லாம்’ என்று முடியும் சொற்கள்

இலக்கணம் கற்பித்தவனுக்கு ஓய்வூதியம் உண்டு, ஓய்வு இல்லை. பிறர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் திருத்திக்கொண்டே காலம் கழிகிறது. இதே தொழிலில் தேய்ந்துபோன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இதற்கு மேலும் ஒரு வேலை வாய்த்தது. மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில், என் பக்கத்து வகுப்பில் கணிதம் கற்பித்தவர் தவராசா. சொல்லுக்கு வெளியேயும் பொருள் உண்டு என்பது அவருக்கு விளங்குவதில்லை. அதற்கு ஓட்டிசம் என்று ஒரு பெயர் உண்டென மருத்துவர் சொன்னபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அதுவரை எங்களுக்கு அவர் ‘ஒரு மாதிரி ஆள்’. பிறர் சொல்லாமல் சொல்வதை அவருக்குப் பெயர்த்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. அதுவோ, ஒரு சொல் பிசகினால் வீடு திரும்ப முடியாத போர்க்காலம்.

அதிபர் வீட்டு உபசாரம்

ஒரு கையொப்பத்துக்காகத் தவராசாவை எங்கள் தலைமையாசிரியரான அதிபரின் வீட்டுக்கு அனுப்பினேன். காலை பதினொரு மணி. அதிபரின் மனைவி வழக்கம்போல, “இருந்து சாப்பிட்டுப் போகலாமே” என்றார். நீங்களும் நானும் “இன்னொரு நாளைக்குப் பாப்பம்” என்று எழும்பியிருப்போம். தவராசா இருந்தார், ஒன்றரை மணிவரை இருந்தார். சோறு இருவருக்குத்தான் ஆக்கியிருந்தது. அன்று அதிபருக்குச் சோற்றுக்குப் பதிலாகக் கடைப் பாணும் சம்பலும்.

மறுநாள் தவராசாவுக்கு ஒரு விதி வகுத்துக் கொடுத்தேன். ‘லாம்’ என்று முடிந்தால் அது உபசாரம். அதை நம்பி எதுவும் செய்யக் கூடாது. ‘இரு’, ‘சாப்பிடு’ என ஏவல் வினை வந்தால் மட்டுமே செய்யலாம். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டார். அதிபர் என்னிடம் சொன்ன விதி வேறு: “இனி இவரை அனுப்பிறதெண்டா சோத்துப் பார்சலையும் கட்டி அனுப்புங்க ஐயா!”

இப்ப வாறன்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்றே எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாயிற்று. வருவோரின் பெயர்களைப் பதியும்படி தவராசாவை வாசலில் இருத்திவிட்டு, “இப்ப வாறன்” என்று சொல்லி, காயம்பட்டவர்களுடன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பியது மூன்றாம் நாள். அவர் அதே கதிரையில், அதே சட்டையில் இருந்தார். “‘இப்ப’ எண்டு சொன்னீங்க, சேர்” என்றார். ஒரு காலத்துக்கு இன்னொரு காலத்தைச் சொன்னாலும் பிழையில்லை என்னும் காலவழுவமைதியை ஆண்டுதோறும் கற்பித்தவன் நான்.

பெரியகல்லாற்றுத் தாய் ஒருத்தி மகளைத் தேடி வந்துகொண்டேயிருந்தாள். நாங்களெல்லாம் “வருவா, வருவா” என்றோம். தவராசா மட்டும் ஒவ்வொரு முறையும் பட்டியலை முதலிலிருந்து வாசித்து, “இதில இல்ல. வேற ஒண்டும் எனக்குத் தெரியாது” என்றார். இப்படியா சொல்வது என்று நான் அவரைக் கடிந்தேன். அந்தத் தாய் என்னைத் தடுத்தாள்: “நீங்க சும்மா இருங்க வாத்தியார். நான் இவரிட்டத்தான் கேப்பன். இவர்தான் பாத்துப்போட்டுச் சொல்றார்.”

முப்பத்தெட்டுப் பொடியள்

சண்டை மீண்டும் மூண்டபின் ஒரு காலை, சோதனைச் சாவடியில் எங்களைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள். அரைகுறைத் தமிழில் ஒரு சிப்பாய் கேட்டான்: “பொடியன் தெரியுமா?” அந்நாளில் ‘பொடியள்’ என்றால் வெறும் பையன்களல்ல, ஆயுதம் எடுத்தவர்கள் என்று யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. எல்லோரும் “தெரியாது” என்றோம். தவராசாவின் முறை வந்தது. “தெரியும். முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு நாளும் சந்திக்கிறன்.”

அவர் சொன்னது எட்டாம் வகுப்பை என்று வரவு இடாப்பைக் காட்டி நிறுவுவதற்குள் நண்பகலாகிவிட்டது. “இனிமேல் தெரியாது எண்டு சொல்லும்” என்றேன். “அது பொய்தானே, சேர்?” என்றார். “பொய் இல்லை, என்னைக் கேக்காதே எண்டு கருத்து” என்றேன். குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டே கேட்டார்: “அப்ப ‘என்னைக் கேக்காதே’ எண்டே அவனிட்டச் சொல்லட்டா?”

போகலாம்

போர் முடியும் தறுவாயில் ஒரு நாள் தவராசாவை வீட்டிலிருந்தே விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவருடைய மனைவி பவானியும் நானும் இராணுவ முகாம் வாசலில், வெயிலில் நின்றோம். அவரோடு கொண்டுபோகப்பட்ட மற்ற மூவரும் இரண்டு மணிக்கு வெளியே வந்தார்கள். எங்கள் முகத்தைப் பாராமலே போனார்கள். மூன்று மணியானது. நான்கானது. பவானி அழுகையை நிறுத்திவிட்டு நிலத்தில் அமர்ந்தாள். அந்த வாசலுக்குள் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். வேண்டாமென்றாலும் நினைவில் வந்தன.

ஐந்து மணிக்குத் தவராசா தனியே நடந்து வந்தார். சட்டைகூடக் கசங்கவில்லை. “ரெண்டு மணிக்கே விசாரிச்ச பெரிய அதிகாரி ‘நீங்கள் போகலாம்’ எண்டார். நான் எழும்பாம வாங்கிலயே குந்தி இருந்தன். திரும்பி வந்து பாத்துப்போட்டு, பிறகும் ‘போகலாம்’ எண்டார். இப்பதான் கோபம் வந்து ‘போ!’ எண்டு கத்தினார்” என்றார். பவானி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவரும் என் பக்கம் திரும்பினார்: “‘லாம்’ எண்டு முடிஞ்சா எழும்பக் கூடாதெண்டு நீங்கதானே, சேர், படிப்பிச்சீங்க?”

அன்று தொடக்கம் அவரிடம் ‘இரும்’, ‘சாப்பிடும்’, ‘எழும்பிப் போம்’ என்று ஏவலில் மட்டுமே பேசுகிறேன். உபசாரம் தெரியாத மனிதன் என்று ஊர் என்னைச் சொல்வதை, என் இலக்கண அறிவுக்குக் கிடைத்த இறுதிப் பரீட்சைப் புள்ளியாக ஏற்றுக்கொண்டுவிட்டேன்.