சீரோடு போன நாய்

எம்.ரெட்டியபட்டியைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஜெயபாண்டியைப் போல ஒரு வெட்டிப் பெருமைக்காரன் கிடைக்கமாட்டான் என்பது குருவம்மாளின் தீர்ப்பு. அவன் அவள் புருஷனுக்குப் பங்காளி, பக்கத்துப் புஞ்சைக்காரன். எங்கிருந்தோ ஒரு கன்னி ஜாதி வேட்டைநாய்க்குட்டியைப் பிடித்துவந்து, மீசையை முறுக்கிக்கொண்டு அதோடு படம் எடுத்து, தினமும் போனில் ஸ்டேட்டஸ் வைத்தான். வேட்டைநாய் வளர்த்த வம்சமாம். கட்டிய மாட்டுக்கே தண்ணீர் காட்ட மறந்த வம்சம் அது.

படம் பார்ப்பவர்கள் குறைந்ததும் குட்டியைப் புஞ்சை மோட்டார் ரூமில் கட்டிப்போட்டான். குட்டி வளர்ந்தது, கழுத்துச் சங்கிலி வளரவில்லை. அது சதைக்குள் புதைந்து, புண்ணாகி, புழு வைத்தது. போதாக்குறைக்கு டிராக்டரைப் பின்னால் எடுக்கிறேன் என்று அதன் முன்னங்காலையும் நசுக்கிவைத்தான். பருத்தி எடுக்கப் போன குருவம்மாள் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தாள். அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"அது செத்த நாயி மதினி. வேணும்னா நீங்க தூக்கிட்டுப் போங்க."

"தூக்கிட்டுத்தான் போறேன். நீ ஒம் மீசைய மட்டும் பத்திரமா வச்சுக்கப்பா."

பருத்தி கட்டும் துணியில் நாயைச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "நாத்தம் நாயோடது இல்ல, எங் கொழுந்தனோடது. நல்லா மோந்துக்கங்க" என்றாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சங்கிலியை வெட்டி எடுத்துக் காலுக்குக் கட்டுப் போட்டார். வீட்டில் கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் புண்ணில் வைத்து அவளே புழு எடுத்தாள். புருஷன் பொன்னுச்சாமிக்குக் கிடைக்காத முட்டை நாய்க்கு வெந்தது. கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர், அதனால் கேட்கவில்லை.

நாய் பிழைத்தது. நடந்தால் நொண்டும், ஓடினால் தெரியாது. ஒருநாள் தரிசில் முயலை விரட்டி மடக்கியதை ஊரே பார்த்தது. மறுநாள் விடிந்ததும் ஜெயபாண்டி வாசலில் நின்றான்.

"அவுத்துவிடுங்க மதினி. அது நம்ம நாயிதான."

"செத்த நாயின்னு சொன்ன?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

பங்காளிகள் கூடி, கொண்டுவந்தவனிடமே கொடுத்துவிடு என்றார்கள். ஆளாளுக்கு வெள்ளைவேட்டி, ஒருத்தனுக்கும் முதுகெலும்பு கிடையாது. அவன் கையில் போனால் நாய் மறுபடி மோட்டார் ரூமுக்குத்தான் போகும், இந்தமுறை திரும்பாது. அது குருவம்மாளுக்கு நிச்சயமாகத் தெரியும். தன் அண்ணன் மகள் சுவாதி கல்யாணம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

மாப்பிள்ளைக்கு நரிக்குடிப் பக்கம், ஆடு வைத்திருக்கும் குடும்பம். பெண்ணோடு கன்னி நாயைச் சீராக அனுப்புவது அந்தக் காலத்து முறை. சீராகப் போனதைத் திருப்பிக் கேட்டால் கேட்டவன் அதற்குப் பிறகு சபையில் தலைகாட்ட முடியாது. கல்யாணத்தன்று அத்தை சீர் வரிசையில், பித்தளைப் பானைகளுக்கு நடுவே, மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு நாய் உட்கார்ந்திருந்தது. ஜெயபாண்டியின் முகம் செத்துப்போனது.

"பழைய முறைய விடாமச் செஞ்சிருக்காகளே!" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வாய்விட்டு மெச்சினார்.

"எங்க கொழுந்தன் ஜெயபாண்டி வளத்த நாயிங்க. அவுக மனசு யாருக்கு வரும்!" என்றாள் குருவம்மாள், சபை முழுக்கக் கேட்கும்படி. எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவனும் பல்லைக் காட்டிக் கும்பிட்டான்.

ஆடியில் சுவாதி அத்தை வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது நாயும் வந்தது. கழுத்தில் முடி வளர்ந்து மினுமினுவென்று இருந்தது. வந்ததிலிருந்து குருவம்மாளின் காலடியை விட்டு அது நகரவே இல்லை.

கிளம்பும்போது சுவாதி சொன்னாள்: "அத்தே, இது இங்கயே கெடக்கட்டும். ஒங்களத்தான் தேடுது. அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக."

தெருவின் எதிர்ச் சாரியில் ஜெயபாண்டி பைக்கில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சீர் திரும்பி வந்துவிட்டால் அதைக் கேட்க அவனுக்கு மறுபடி வாய் வந்துவிடும்.

"குடுத்த சீரத் திருப்பி வாங்குற வீடாடி இது? தூக்கிட்டுப் போ" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் குருவம்மாள். நாய் வண்டியில் ஏறமாட்டேன் என்று அவள் சேலையைக் கவ்வியது. பல்லை விலக்கி, அவளே தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று இருட்டும்வரை அவள் ஒருத்தரையும் திட்டவில்லை. பொன்னுச்சாமிதான் பயந்துபோனார்.