தங்கப் பல்லில் சந்தனம்

நான் லாரி டிரைவர். சின்னமனூரில் வாழைக்காயும் காய்கறியும் ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலை ஏறி, கோட்டயம் வரை போய் வருவேன். ஒரு நாள் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து விழுந்தேன். இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

மகள் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டில் உட்கார்ந்தபடி லேப்டாப்பில் ரோடு போடுவாள். நிஜ ரோடு இல்லை. லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இருக்கிறது. அதற்குள் அவரவர் ஊர் ரோட்டை அவரவரே செய்து போடலாம். இவள் குமுளி மலைப்பாதையைச் செய்துகொண்டிருந்தாள். லோயர் கேம்பில் கரண்ட் எடுக்க மலையிலிருந்து பெரிய தண்ணீர்க் குழாய் இறங்கும். அங்கே தொடங்கி மேலே செக்போஸ்ட் வரைக்கும்.

என்னிடம் கேட்பாள்.

"அப்பா, மூணாவது வளைவுக்கு முன்னாடி இடது பக்கம் என்ன மரம்?"

"தெரியல. அங்கன செகண்ட் கியரு."

"நான் கியரக் கேக்கல. மரத்தக் கேட்டேன்."

மரத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் போய் வந்தும் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவளே பஸ்ஸில் போய்ப் போட்டோ எடுத்து வந்தாள்.

கோயம்புத்தூரில் கேம் செய்கிற கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை வீடியோ காலில் இந்த ரோட்டை அவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓடினால் வேலை.

வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. என் வீட்டுக்காரி வைத்த பேச்சு. தை பிறப்பதற்குள் வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது. மகளும் ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மார்கழி பிறந்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

ரோடு ஓடவில்லை.

லேப்டாப் கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்தது. பழசாக வாங்கினோம். திறந்தால் கீபோர்டில் எழுத்துக்கட்டை எல்லாம் சிவப்பாக எரியும். என் வீட்டுக்காரி அதைத் திருவிழா சீரியல் செட் என்பாள். பார்க்கத்தான் அப்படி. உள்ளே இருந்தது சுற்றுகிற பழைய டிஸ்க். மலையில் நாலு வளைவு ஏறியதும் படம் நின்றுவிடும். லாரி அந்தரத்தில் தொங்கும். கொஞ்ச நேரம் கழித்து ரோடு வந்து அடியில் சேரும். அதற்குள் லாரி பள்ளத்தில் கிடக்கும்.

"டேங்கில டீசல் இருக்குப்பா. இஞ்சினும் நல்ல இஞ்சின். பைப்பு ஒழுங்கா குடுக்க மாட்டேங்குது" என்றாள் மகள். எனக்குப் புரிந்தது.

எஸ்எஸ்டி என்று சுற்றாத டிஸ்க் ஒன்று போட்டால் சரியாகிவிடும், அதற்கு லேப்டாப்புக்குள் இடம் காலியாகவே கிடக்கிறது என்றாள். ஆர்டர் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கூரியர் வந்தது. மகள் வீட்டில் இல்லை. சின்ன ஸ்க்ரூடிரைவர் வாங்கச் சின்னமனூர் போயிருந்தாள். என்னிடம் இருந்ததெல்லாம் லாரிக்கு ஆகிற சைஸ்.

லாரிக்காரர் வீட்டில் ஒரு வழக்கம். புது டயரோ புது பேட்டரியோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் வண்டியில் மாட்ட மாட்டோம். நான் விழுந்த அன்று கட்டியது புதுத் தார்ப்பாய். அவசரத்தில் பொட்டு வைக்கவில்லை. அதனால்தான் விழுந்தேன் என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரி சொல்வாள்.

கூரியர் பெட்டியை அவள்தான் பிரித்தாள். உள்ளே என் நடுவிரல் நீளத்துக்குப் பட்டையாக ஒன்று இருந்தது. ஒரு பக்கம் லேபிள். ஒரு முனையில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு முகப்பு எது?"

நானும் பார்த்தேன். "தங்கமா இருக்குல்ல. அதாத்தான் இருக்கும்."

"மேலயா, அடியிலயா?"

"ரெண்டு பக்கமும் வையி."

லேபிள் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பல்லில் குங்குமத்துக்கு இடம் பற்றவில்லை. சந்தனம் மட்டும் இரண்டு பக்கமும் தீற்றினாள். சாமி தட்டில் வைத்துச் சூடம் காட்டினாள். நான் கும்பிட்டேன்.

மகள் வந்து பார்த்துச் சிரித்தாள்.

"எம்மா, இதுக்குமா? எலுமிச்சம்பழம் நசுக்கலியா?"

"பேசுவடி. வண்டின்னா நசுக்கியிருப்பேன்."

லேபிளில் இருந்த பொட்டை மகள் துணியால் துடைத்தாள். பல்லில் இருந்தது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்த சந்தனமும் அந்தத் தங்கமும் ஒரே நிறம். நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியாது.

லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கழற்றியதை அதில் போட்டாள். எள்ளு மாதிரி இருந்தன. புதுசைச் சாய்வாகச் செருகி, அமுக்கி, ஒரு ஸ்க்ரூ போட்டாள்.

"இன்னொரு சுத்து இறுக்கு" என்றேன்.

"இது லாரி வீல் இல்லப்பா."

மூடி ஆன் செய்தாள். லேப்டாப் ஓடியது. ஆனால் புது டிஸ்க் உள்ளே இருப்பதாகவே அது காட்டவில்லை. திரும்பக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். காட்டவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆறிப் போனது.

வாங்கிய இடத்துக்குப் போன் செய்தாள். பிறகு தேனியில் கடைக்காரர்களைக் கேட்டாள்.

"என்ன சொன்னாக?" என்றேன்.

"மாத்தித் தாராகளாம். அடுத்த வாரம் ஆகும்னு சொன்னாக. தேனியில இந்த சைசு கைவசம் இல்லையாம்."

திங்கட்கிழமை முடிந்த பிறகு வந்து என்ன செய்வது.

என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து, "விடுடி ஆத்தா, நடக்குறது நடக்கும்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். மகள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை மகள் பழைய டிஸ்க்கிலேயே ரோட்டைச் சரி பண்ணப் பார்த்தாள். மரத்தை எல்லாம் பாதியாகக் குறைத்தாள். அப்படியும் நின்றது. விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்ததில் லேப்டாப் சூடாகி, உள்ளே இருக்கிற ஃபேன் ஜெனரேட்டர் மாதிரி இரைந்தது.

"அப்பா, சந்தன வாசம் அடிக்குது."

"சாமி தட்டுலருந்து வரும்."

"இல்ல. இதுக்குள்ளருந்து வருது."

ஆஃப் செய்து, கழற்றி, புது டிஸ்க்கை உருவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் விழுந்தது.

"எம்மா! இங்கயும் வச்சியா?"

"அதுதான முகப்பு."

"முகப்பா? யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

"இது வழியாத்தாம்மா எல்லாம் போய் வரும். இதுல மண்ணப் பூசுனா எப்பிடி ஓடும்? வேணும்னே வச்சியா? ஓடலன்னா மாப்பிள்ள பாத்துரலாம்னு வச்சியா?"

என் வீட்டுக்காரி சத்தம் போடுகிற ஆள். அன்று போடவில்லை.

"ஓடணும்னுதான்டி வச்சேன். உங்கப்பா விழுந்த அன்னைக்கி வைக்கல. அது எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள கெடக்கு. ஓட வேணாம்னு நெனச்சிருந்தா சும்மால்ல இருந்திருப்பேன்."

மகள் பட்டையைத் திருப்பி மறுபக்கமும் சுரண்டினாள். அங்கேயும் தூள் விழுந்தது.

"பஞ்சர் கடைக்குக் கொண்டு போவமா? காத்து அடிச்சா தூளெல்லாம் போயிரும்" என்றேன்.

"அந்தக் காத்துல தண்ணி வரும்பா. எல்லாமே போயிரும்."



என் காலுக்குக் கட்டுப் போட்டபோது வாங்கிய ஸ்பிரிட் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பஞ்சில் தொட்டு மகள் பல்லைத் துடைத்தாள். செருகுகிற பள்ளத்துக்குள்ளும் சந்தனம் உதிர்ந்து கிடந்தது. அதற்குப் பஞ்சு போகாது. பழைய டூத் பிரஷ்ஷில் ஓரத்து மயிரை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டினாள். என்னால் தரையில் உட்கார முடியாது. என் வீட்டுக்காரிதான் பக்கத்தில் மண்டி போட்டு, செல்போன் லைட்டைப் பிடித்தாள்.



"இங்கன காட்டு" என்றாள் மகள்.

"இங்கனயா?"

"இன்னும் கீழ."

"இந்தா."

"ம். ஆட்டாத."

"நான் எங்கடி ஆட்டுறேன். நீதான் மறைக்கிற."

ஸ்பிரிட் காயட்டும் என்று அப்படியே திறந்து வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். பிறகு செருகி, மூடி, ஆன் செய்தாள். திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். லேப்டாப் இந்த முறை புது டிஸ்க்கைக் காட்டியது.

ரோட்டை எல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றினாள். குறைத்த மரங்களைத் திரும்ப வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை என் மடியில் வைத்து, "நீங்க ஓட்டுங்கப்பா" என்றாள்.

அம்புக்குறிக் கட்டையில் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இல்லை, கிளட்ச் இல்லை. குழாய் வந்தது. அது அப்படியே இருந்தது. முதல் வளைவு ஏறினேன். இரண்டாவதில் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தேன்.

என் வீட்டுக்காரி பின்னால் நின்றிருந்தாள். "இத்தன வருசமா இப்பிடித்தான் ஓட்டுனீகளா? வாழக்காய் எல்லாம் எப்பிடிப் போய்ச் சேந்துச்சு?"

மகள் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

நான் விழுந்தேனே தவிர ரோடு நிற்கவில்லை. அவளே எடுத்து மேலே வரை ஓட்டினாள். ஒரு இடத்திலும் லாரி அந்தரத்தில் தொங்கவில்லை.

திங்கட்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது குமுளி என்கிற சொல் மட்டும். என் வீட்டுக்காரி மிக்சி போடவில்லை, டிவி போடவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் நின்றாள்.

வெளியே வந்த மகள், "சொல்லி அனுப்புவாகளாம்" என்றாள்.

பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் போய் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி, "அங்கன சோறு நல்லாருக்குமா?"

மறுநாளே தரகர் போன் செய்தார். போனை என் வீட்டுக்காரிதான் எடுத்தாள். உத்தமபாளையத்தில் நல்ல இடம் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"இல்லண்ணே, இப்பப் பாக்கல" என்றாள்.

"தையில பாக்கலாம்னு நீங்கதானம்மா சொன்னீக?"

"சொன்னேன். அதுக்குள்ள வேல வந்துருச்சு. பேச்சுன்னா பேச்சுத்தான்ண்ணே."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீக? பிள்ளைக்குப் பெட்டி எடுக்கணும், பரண்ல கெடக்கு. ஏணியப் பிடிங்க."

பிடித்தேன்.