இரு கரைக்கும் மண்

தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆற்றின் எதிர்க்கரையில் இன்று காலை லாரி மண் கொட்டியது. ஈரமண் வாடை சன்னல் வழியே வந்ததும், நான் மூன்றாம் வகுப்பு படித்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது.

வெள்ளம் புகாமலிருக்க அன்று சந்துக்காரர்களே மண் அணை போட்டார்கள். அம்மாவும் தகரச் சட்டியில் மண் சுமந்தாள். மழை வலுத்தது. எங்கள் வீடு தப்பியது. தடுத்த தண்ணீரெல்லாம் எதிர்க்கரைக்குப் போய், சித்தி வீட்டில் இடுப்பளவு நின்றது.

சித்தி கைக்குழந்தையோடு பாலம் வழியாகச் சுற்றி வந்து, சேலை சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள்.

"உள்ள வாட்டி" என்றாள் அம்மா.

"வேண்டாம்க்கா. ஒன் வீடு நனஞ்சிரும்."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர் வடியும்வரை சித்தி எங்களோடு இருந்தாள். சண்டை போடவில்லை; சிரிக்கவும் இல்லை. கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"அந்த மண்ணுச் சட்டியத் தாக்கா. எங்க கரையிலயும் போடணும்லா."

அம்மா சட்டியை எடுத்தாள், கொடுக்கவில்லை. தானே இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு நடந்தாள். பொழுது சாயும்வரை அக்காளும் தங்கையும் எதிர்க்கரையில் மண் சுமந்தார்கள்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது; எதிர்க்கரை மண் தடுக்கும் தண்ணீர் இந்த முறை எங்கள் பக்கம்தான் வரும். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறேன்.